தண்ணீர்க் குவளையும் இறகும்: ஒரு பேத்தை மீனின் கதை

1774 செப்டம்பர் மாதம். கேப்டன் ஜேம்ஸ் குக்கின் 'ரெசொல்யூஷன்' கப்பல் பசிபிக் கடலில் நியூ கலிடோனியா தீவை ஒட்டி நங்கூரமிட்டிருந்தது. கப்பல் எழுத்தர் கரையில் தீவுக்காரர் ஒருவரிடம் ஒரு மீனை வாங்கி அனுப்பினார். பெரிய தலை, நீண்ட உடம்பு, அதுவரை அவர்கள் பார்த்திராத மீன். கப்பலில் இருந்த இயற்கையியலாளர் ஃபோர்ஸ்டரும் அவர் மகனும் அதைப் படம் வரைந்து, குறிப்பெடுத்து முடிப்பதற்குள் நேரமாகிவிட்டது. முழு மீனையும் சமைக்க முடியவில்லை. ஈரலும் சினையும் மட்டும் இரவுச் சாப்பாட்டுக்கு வந்தன. குக்கும் இரண்டு ஃபோர்ஸ்டர்களும் ருசி பார்க்கிற அளவுக்கு எடுத்துக்கொண்டார்கள்.

விடியற்காலை மூன்று நான்கு மணிக்குக் கைகால் எல்லாம் தளர்ந்து மரத்துப்போய் எழுந்தார்கள். குளிரில் விறைத்த கையை நெருப்பில் காட்டினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது என்று குக் தன் நாட்குறிப்பில் எழுதினார். கனமானது எது, லேசானது எது என்று கைக்குத் தெரியவில்லை. தண்ணீர் நிறைந்த குவளையும் ஒரு இறகும் ஒன்றுபோலவே இருந்தனவாம். வாந்தி எடுக்க வைத்து, வியர்க்க வைத்து மூவரையும் தேற்றினார்கள். மீனின் குடலைத் தின்ற கப்பல் பன்றி ஒன்று காலையில் செத்துக் கிடந்தது.

பிறகு நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம். காலையில் கப்பலுக்கு வந்த தீவுக்காரர்கள், தொங்கிக்கொண்டிருந்த அந்த மீனைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்து, இதைச் சாப்பிடவே கூடாது என்று சைகையால் சொன்னார்கள். முந்தின நாள் விற்றபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏமாற்றினார்கள் என்று நினைக்கத் தோன்றலாம். அந்தக் கரையில் ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கக்கூடிய விஷயத்தை, வளர்ந்த ஒருவருக்குச் சொல்லித் தர வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றாமலும் இருந்திருக்கலாம்.

ஃபோர்ஸ்டரின் குறிப்பை அடிப்படையாக வைத்து 1789இல் ஜெர்மானிய இயற்கையியலாளர் குமெலின் அந்த மீனுக்கு அறிவியல் பெயர் சூட்டினார். இன்று அதன் பெயர் லகோசெஃபாலஸ் ஸ்கெலராட்டஸ். முதல் பாதி கிரேக்கம், முயல் தலை என்று பொருள். இரண்டாவது பாதி லத்தீன். குற்றவாளி, பாதகன் என்று அர்த்தம் வரும். ஒரு மீன் பெயரிலேயே தீர்ப்பும் எழுதப்பட்டுவிட்டது.

தமிழில் இந்தக் குடும்பத்து மீன்களுக்குப் பேத்தை என்று பெயர். பலாச்சி என்றும் சொல்வார்கள். கரைவலை இழுத்து முடியும் நேரத்தில் போய் நின்றால் இதை நேரிலேயே பார்க்கலாம். வலையின் மடியை மணலில் கொட்டியதும் காரலும் சாளையும் வெள்ளியாய்ச் சிதறும். நடுவில் கைமுட்டி அளவில் ஒன்று விருட்டென்று உப்பிப் பந்தாகி, வயிறு மேலே பார்க்கப் புரளும். பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தமும் சிலவற்றிடமிருந்து வரும். பொறுக்கிப் பிரிக்கிறவர்கள் அதை ஏறிட்டும் பார்க்காமல் காலாலேயே ஒதுக்கிவிடுவார்கள். பிள்ளைகள் கொஞ்ச நேரம் உதைத்து விளையாடும். காகம் வந்தாலும் வரும், வராமலும் போகும்.

சரி, அந்த உப்பல் எப்படி நடக்கிறது? பேத்தைக்கு விலா எலும்பு கிடையாது, அடிவயிற்றுத் துடுப்பும் கிடையாது. இரைப்பை மடிப்பு மடிப்பாக, சுருக்கி வைத்த பைபோல இருக்கும். துரத்தப்பட்டால் வாயால் தண்ணீரை மடக் மடக்கென்று விழுங்கி அந்தப் பையை நிரப்பிக்கொள்ளும். தோல் ரப்பர்போல இழுபடும். செதில் இல்லை, அதற்குப் பதிலாக வயிற்றிலும் முதுகிலும் சின்னச் சின்ன முட்கள் தோலில் புதைந்திருக்கும், உப்பும்போது விறைத்து நிற்கும். கரையில் தண்ணீர் இல்லாததால் காற்றை விழுங்குகிறது. காற்றை வெளியேற்றுவது அதற்குச் சிரமம். அதனால்தான் தண்ணீரில் திரும்ப எறிந்த பிறகும் சில பேத்தைகள் மல்லாக்க மிதந்துகொண்டே இருக்கும்.

பல் இன்னொரு சங்கதி. குடும்பத்தின் அறிவியல் பெயரான டெட்ராடோன்டிடே என்பதற்கு நான்கு பல் என்று பொருள். மேலே இரண்டு, கீழே இரண்டு தகடுகள் சேர்ந்து கிளி மூக்கு மாதிரி ஒரு அலகு. நண்டின் ஓட்டையும் சங்கின் முனையையும் நொறுக்குகிற அலகு அது. நாம் சாப்பிடுகிற கிளாத்தியும், கடலிலேயே கனமான எலும்பு மீன்களில் ஒன்றான சூரிய மீனும் இதே வரிசையைச் சேர்ந்த தூரத்துச் சொந்தங்கள்.

குக்கின் மீன் இந்தக் குடும்பத்தில் பெரிய ஆள். கரைவலையில் வரும் குட்டிப் பந்துகளைப் பார்த்துப் பழகியவர்கள் இதைப் பேத்தை என்று உடனே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு மீட்டரைத் தாண்டியும் வளரும், எடை பல கிலோ வரும். உடம்பு நீளம். முதுகு பசுமை கலந்த பழுப்பில், கரும்புள்ளிகள் தூவியதுபோல இருக்கும். கண்ணுக்கு முன்னால் கன்னத்தில் ஒரு வெள்ளிப் பட்டை. வாயிலிருந்து வால்வரை பக்கவாட்டில் இன்னொரு வெள்ளிக் கோடு. வெயிலில் அது பளபளக்கும்போது வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் வைத்தாலும் தெரியாதவர் வாங்கிப் போய்விடுவார். தோலை உரித்துத் துண்டு போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம்.

செங்கடலும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையும் தொடங்கி, இந்தியப் பெருங்கடல் முழுக்க, ஜப்பான், ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை இதன் சொந்த ஊர். பவளப்பாறையின் மீன் என்று இதைச் சொல்ல முடியாது. மணல் தரை, கடல்தாழை மண்டிய இடம், கரையிலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் ஆழம் வரை உள்ள பகுதிகளில் திரியும். குஞ்சுகள் கரையோரத்து ஆழமற்ற மணலில் கூட்டமாக வளரும். வளர வளர கடல்தாழைப் பக்கமும் ஆழத்துக்கும் நகரும். இறால், நண்டு, கணவாய், சின்ன மீன் என்று கிடைத்ததைத் தின்னும். நீச்சலில் வேகம் குறைவு. முதுகுத் துடுப்பையும் மலத்துவாரத்துக்குப் பின்னால் உள்ள துடுப்பையும் பக்கவாட்டில் அசைத்து ஊர்வதுபோல நீந்தும். வாலை அவசரத்துக்குத்தான் எடுக்கும். ஓடித் தப்பிக்க வேண்டிய கட்டாயம் இல்லாத மீனின் நடை அது.

அந்தத் தைரியத்துக்குக் காரணம் டெட்ரோடோடாக்சின். 1909இல் ஜப்பானைச் சேர்ந்த தஹாரா யோஷிசுமி இந்த நஞ்சுக்கு இந்தப் பெயரை வைத்தார். மூலக்கூறு எப்படி இருக்கிறது என்று தெரிய 1964 வரை ஆனது. அந்த ஆண்டுதான் அது உடம்பில் என்ன செய்கிறது என்பதும் தெளிவானது. நரம்பில் ஒரு செய்தி ஓட வேண்டுமானால், நரம்பு இழையின் சுவரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத வாயில்கள் வரிசையாகத் திறந்து சோடியத்தை உள்ளே விட வேண்டும். டெட்ரோடோடாக்சினின் ஒரு முனை அந்த வாயிலின் வெளி வாசலில் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் உள்ளே போகாது. பூட்டில் ஒடிந்து நின்ற சாவிபோல அங்கேயே நிற்கும். சோடியம் உள்ளே வராது, செய்தி நகராது. குக்கின் கை குவளையைப் பிடித்துத்தான் இருந்தது. அதன் கனத்தை மூளைக்குச் சொல்ல வேண்டிய நரம்பு ஊமையாகியிருந்தது.

நஞ்சு வேலை செய்யும் வரிசை மருத்துவர்களுக்குப் பழக்கமானது. பெரும்பாலும் சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள், சில சமயம் சில மணி நேரம் கழித்து, உதடும் நாக்கும் சுணைக்கும், மரக்கும். பிறகு விரல் நுனிகள், வாந்தி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல். கைகால் விழுந்த பிறகு மூச்சுத் தசைகளின் முறை. நஞ்சு மூளைக்குள் எளிதில் போகாது என்பதால் பலருக்கு நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். விரலைக்கூட அசைக்க முடியாமல், சுற்றி நடப்பது எல்லாம் கேட்டுக்கொண்டு கிடப்பார்கள். மாற்று மருந்து கிடையாது. செயற்கை சுவாசக் கருவியில் வைத்து, உடம்பு தானாக நஞ்சை வெளியேற்றும்வரை காத்திருப்பதுதான் வைத்தியம். முதல் ஒரு நாளைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். ஆகவே உதடு மரத்ததுமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். புளித்தண்ணீர், மோர் என்று வீட்டில் நேரம் கடத்தக் கூடாது. ஒருவரைக் கொல்ல 1 முதல் 2 மில்லிகிராம் போதும் என்பது பொதுவான கணக்கு. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் கருவாடாக்கினாலும் இந்த நஞ்சு போகாது.

இவ்வளவு நஞ்சைச் சுமக்கிற மீன் தானே சாகாதது ஏன்? அதன் நரம்பிலும் அதே வாயில்கள்தான். ஆனால் வாசலில், நஞ்சு பற்றிக்கொள்ளும் இடத்தில், புரதத்தின் ஒரு கண்ணி மாறியிருக்கிறது. சோடியம் நுழையும், நஞ்சுக்குப் பிடி கிடைக்காது. 

அதைவிட வியப்பு, அந்த நஞ்சு அதன் சொந்தச் சரக்கே இல்லை என்பது. விப்ரியோ முதலிய சில கடல் பாக்டீரியாக்கள் உண்டாக்குவது இது. அந்த நஞ்சு நட்சத்திர மீன், தட்டைப்புழு, சங்கு என்று சின்ன உயிர்களில் சேர்ந்து, அவற்றைத் தின்னும் பேத்தையில் குவிகிறது. ஜப்பானில் பண்ணையில் சுத்தமான தீனி போட்டு வளர்க்கும் பேத்தைகளிடம் நஞ்சு இருப்பதில்லை. அதே மீனுக்கு நஞ்சு கலந்த தீனி கொடுத்தால் மறுபடி சேர்த்துக்கொள்கிறது. நீல வளையப் பேய்க்கணவாய்க்கும் (எட்டுக்கால் கணவாய்), கலிஃபோர்னியாவின் ஒருவகை நீர்ப்பல்லிக்கும் இதே நஞ்சு எப்படி வந்தது என்ற கேள்விக்கும் இந்தப் பக்கத்திலிருந்துதான் பதில் தேடுகிறார்கள். குற்றவாளி என்று பெயர் வாங்கிய மீன், கிடைத்த பொருளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பத்திரப்படுத்தும் இடத்தையும் அது யோசித்துத்தான் தேர்ந்தெடுத்ததுபோல இருக்கிறது. பெண் மீனில் நஞ்சு அதிகம் சேர்வது சினையில், அதுவும் முட்டையிடும் காலம் நெருங்கும்போது. முட்டையிலிருந்து குஞ்சுக்கும் அது போகிறது. பேத்தைக் குஞ்சை வாயில் போட்ட மீன்கள் உடனே துப்பிவிடுவதைத் தொட்டியில் பார்த்திருக்கிறார்கள். பெண் மீன் முட்டையோடு வெளிவிடும் நஞ்சின் வாசனை சில இனங்களில் ஆண் மீன்களை இழுக்கவும் செய்கிறது. நமக்குச் சாவு, அவர்களுக்குக் கல்யாணச் சேதி!

நம் பக்கத்துச் சிக்கல் இதுதான். மீன் வாங்கும்போது சினை இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிற ஊர் நம் ஊர். மற்ற மீனில் ருசியான இரண்டு உறுப்புகளும், சினையும் ஈரலும், பேத்தையில் எமன். சரி, அவற்றை எடுத்துவிட்டால் சதையைச் சாப்பிடலாமா? ஜப்பானில் ஃபுகு என்று விற்கும் புலிப் பேத்தைக்கு அந்தக் கணக்கு பொருந்தும்; அங்கே உரிமம் பெற்ற சமையல்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அந்தக் கதையை எல்லாரும் எழுதியாகிவிட்டது, விட்டுவிடுவோம். குக்கின் மீனான வெள்ளிக் கன்னப் பேத்தைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அதன் சதையிலும் ஆபத்தான அளவு நஞ்சு பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது.

அதன் நெருங்கிய சொந்தங்களைப் பார்த்துப் பிரிப்பது இன்னும் கடினம். லகோசெஃபாலஸ் லூனாரிஸ் என்ற இனத்தின் சதையே நஞ்சு. அச்சு அசல் அதைப்போலவே இருக்கும் லகோசெஃபாலஸ் ஸ்படிசியஸ் பொதுவாக அவ்வளவு ஆபத்தில்லாதது. வித்தியாசம் முதுகில் இருக்கிறது. தலையிலிருந்து விரலால் பின்னோக்கித் தடவினால், முன்னதில் முட்சொரசொரப்பு முதுகுத் துடுப்புவரை ஓடும். பின்னதில் பாதி முதுகோடு நின்றுவிடும். உயிருக்கும் சாவுக்கும் நடுவே அந்த இரண்டு விரற்கடை. சந்தையில் துண்டு போட்டு விற்ற மீனில் எதைத் தடவிப் பார்ப்பது?

வங்கதேசத்தில் 2008இல் நடந்தது இதுதான். கடல் பேத்தை உள்நாட்டுச் சந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆற்று மீன் தின்று வளர்ந்தவர்கள், விலை மலிவு என்று வாங்கினார்கள். 141 பேர் மருத்துவமனைக்கு வந்தார்கள், 17 பேர் இறந்தார்கள். மீன் கரையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்நாட்டுக்குப் போய்விட்டது. அதைக் காலால் ஒதுக்க வேண்டும் என்கிற அறிவு கரையிலேயே நின்றுவிட்டது.

இதே விஷயம் பெரிய அளவில் நடந்த இடம் மத்தியதரைக் கடல்.

1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபோது செங்கடலும் மத்தியதரைக் கடலும் கைகோத்தன. முதலில் நடுவில் இருந்த கசப்பு ஏரிகளின் அளவுக்கு மீறிய உப்பு ஒரு வேலியாக இருந்தது. ஆண்டுகள் போகப் போக அந்த உப்பு கரைந்து வேலி தளர்ந்தது. அஸ்வான் அணை வந்த பிறகு நைல் ஆறு கடலில் கொட்டும் நன்னீரும் குறைந்துவிட்டது. நூற்றுக்கணக்கான செங்கடல் உயிர்கள் வடக்கே குடியேறின. கால்வாயை வெட்டிய லெசெப்ஸின் பெயரால் இவற்றை லெசெப்ஸியக் குடியேறிகள் என்கிறார்கள். வெள்ளிக் கன்னப் பேத்தை இந்த வரிசையில் தாமதமாக வந்த ஆள். 2003இல் துருக்கியின் கோகோவா வளைகுடாவில் முதன்முதலாகப் பிடிபட்டது. சில ஆண்டுகளுக்குள் இஸ்ரேல், சைப்ரஸ், லெபனான், கிரேக்கத்தின் கிரீட் தீவு. 2013இல் இத்தாலியின் லாம்பெடூசா தீவுப் பக்கம். கடல் சூடாகிக்கொண்டிருப்பது அதற்கு வசதியாகப் போனது. மணல் தரையும் கடல்தாழையும் அங்கேயும் தாராளம். தன்னைத் தின்னத் தெரிந்த மீன்கள் அங்கே குறைவு. வேகமாக வளர்ந்து, இரண்டு மூன்று வயதிலேயே முட்டையிடத் தொடங்குகிறது.

அந்தக் கரைகளில் அதற்குப் பெயரே இல்லை. பெயர் இல்லாத மீனுக்கு எச்சரிக்கையும் இருக்காது. 2005 முதல் 2008 வரை இஸ்ரேலில் மட்டும் 13 பேர் அதைத் தின்று நஞ்சேறி மருத்துவமனைக்கு வந்ததாக மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதற்கு முன் அந்தக் கடலில் பிடித்த மீனால் இப்படி ஒரு நோய் வரும் என்று அங்கே யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். கிரேக்கத்தில் அறிவியல் புத்தகத்துப் பெயரையே தெருப் பெயராக்கி 'லகோகெஃபலோஸ்' என்றார்கள். எகிப்தில் அதை முயல் மீன் என்றும் அழைக்கிறார்கள். விற்பனைக்குத் தடை இருந்தும், சுத்தம் செய்யத் தெரியும் என்ற நம்பிக்கையில் அங்கே சாப்பிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் பேத்தைக் குடும்பம் முழுவதையுமே சந்தையில் விற்கக் கூடாது என்று வைத்திருக்கிறது.

ஆனால் மீனவர்களிடம் கேட்டால் நஞ்சை இரண்டாவதாகத்தான் சொல்வார்கள். முதல் புகார் பல். அந்தக் கிளி மூக்கு வலையைக் கடித்துத் துளைக்கிறது. வலையில் மாட்டிய மீனைப் பாதி தின்றுவிட்டுப் போகிறது. ஆயிரங்கால் தூண்டிலின் நரம்பை வரிசையாக நறுக்கி, முள்ளோடு கொண்டுபோகிறது. கணவாயை அவர்களுக்கு முன்னால் அதுவே தின்று தீர்க்கிறது. பிடித்தால் விற்க முடியாது, பிடிக்காவிட்டால் வலை மிஞ்சாது. துருக்கிக் கரையில் குளிப்பவர்களின் விரலையும் கடித்திருக்கிறது, சிலருக்கு விரல் நுனியே போயிருக்கிறது. சைப்ரஸ் அரசு கிலோவுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து மீனவர்களிடமிருந்து வாங்கி எரிக்கிறது. துருக்கி 2020இல் வாலுக்கு இத்தனை லிரா என்று அறிவித்தது; வாலை வெட்டிக் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்ளலாம். நம் ஊரில் எலி வாலுக்குக் காசு கொடுத்த காலம் ஞாபகத்துக்கு வருகிறது.

சொந்தக் கடலில் இது ஏன் இவ்வளவு பெருகவில்லை என்பதற்கு ஒரு சாடையான பதில் கேரளத்திலிருந்து கிடைக்கிறது. 2007ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து அந்தக் கரையில் லகோசெஃபாலஸ் இனெர்மிஸ் என்ற ஒன்றுவிட்ட சகோதரன் திடீரென்று பெருகி வலைகளைக் கிழித்தது. கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் காரணம் தேடினார்கள். இந்தப் பேத்தையை விரும்பித் தின்னும் பெரிய மீன் ஒன்று இருக்கிறது. கோபியா, நம் பக்கம் கடல் விரால். அதை அளவுக்கு மீறிப் பிடித்ததில் அது குறைந்தது, பேத்தை கூடியது என்று 2013இல் எழுதினார்கள். பேத்தை நஞ்சு என்பதால் அதைத் தின்ன ஆளே இல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது தவறு. தின்னத் தெரிந்தவன் இருந்தான். அவனைப் பிடித்து நாம் குழம்பு வைத்துவிட்டோம்.

மத்தியதரைக் கடலிலும் இப்போது மெல்ல மெல்லச் சில வாய்கள் பழகிவருகின்றன. பெருந்தலை ஆமை அதைக் கடித்துத் தின்பதைப் பார்த்திருக்கிறார்கள். வேகமாக நீந்தும் சில மீன்களின் வயிற்றில் பேத்தைக் குஞ்சுகள் கிடைத்திருக்கின்றன. பெரிய வெள்ளிக் கன்னப் பேத்தைகளை அறுத்துப் பார்த்தபோது சிலவற்றின் வயிற்றில் இறால் ஓட்டோடும் தூண்டில் முள்ளோடும் சேர்ந்து, அதே இனத்தின் குட்டிகளும் இருந்தன.